செட்டிநாட்டு வீட்டில் தும்மல்: தூசிக்குப் பிறந்த வீடு எது?

படைப்புக்காக, அதாவது முன்னோருக்குப் படையல் போடுவதற்காக, பூட்டிக் கிடந்த பொது வீட்டைத் திறந்து மூன்றாம் நாள். வளவில், முற்றத்தைச் சுற்றி, இருபது பேர் உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கிறோம், அதில் நாலு பேருக்குத் தும்மல். ஒருத்தருக்குக் காலையில் எழுந்ததும் வரிசையாகப் பத்துத் தும்மல், எட்டு மணிக்கு மேல் ஒன்றுமில்லை. இன்னொருத்தருக்கு இரண்டாங்கட்டுக்கு, அதாவது வளவைத் தாண்டிய உள்பகுதிக்கு, போனால்தான். ஒரு பிள்ளை பகலெல்லாம் ஓடியாடிவிட்டு ராத்திரி மட்டும் இருமுகிறது. எல்லாவற்றுக்கும் அப்பத்தா சொல்வது ஒன்றுதான்: “பூட்டிக் கெடந்த வீடு, தூசிப்பா.”

தூசிதான். எந்தத் தூசி என்பதில்தான் சங்கதி இருக்கிறது. எங்கள் வீடு பத்துப் பங்காளிகளுக்குப் பொது. காரைக்குடியில் குடியிருப்பவன் நான் ஒருத்தன் என்பதால் சாவி என்னிடம். சாவியோடு சேர்த்து எல்லாருடைய தும்மலும் என் தலையில் விழுந்தது. முதல் சில வருஷம் நானும் ஆள் பிடித்து, முகப்பிலிருந்து மூணாங்கட்டு வரை ஒரே நாளில் கூட்டிப் பெருக்கி, வாசனை பினாயில் ஊற்றித் துடைக்க வைத்தேன். தும்மல் கூடியதே தவிர குறையவில்லை. கூட்டினது தப்பு, பினாயில் தப்பு, ஒரே நாளில் செய்தது அதைவிடத் தப்பு என்பதெல்லாம் ஒவ்வொன்றாகத்தான் தெரிந்தது.

கீழே இருப்பது அந்த அனுபவத்தில் தேறியது. உங்கள் வீட்டில் என்ன தொல்லையோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போகலாம். ஆனால் அடுத்த பகுதியை மட்டும் தாண்டிவிடாதீர்கள்.

முதலில் ஒரு நோட்டு, நாலு வெள்ளைத் தாள்

நோட்டில் மூன்றே விஷயம்: யாருக்கு, எந்த இடத்தில், எந்த நேரத்தில். மூன்று நாள் எழுதினால் போதும். காலையில் மட்டும் என்றால் படுக்கை. ஒரே அறையில் என்றால் அந்த அறைச் சுவர் அல்லது பெட்டி. வீடு முழுக்க, எல்லாருக்கும் என்றால் யாரோ எதையோ கிளப்பிவிட்டிருக்கிறார்கள். வெளியே போனால் தும்மி, உள்ளே வந்தால் நிற்கிறது என்றால் வீட்டின் மேல் பழி போடாதீர்கள்.

வெள்ளைத் தாள், ராத்திரி வைத்துக் காலையில் பார்க்க. ஒன்று தெருப் பக்கத்து ஜன்னல் மேடையில், ஒன்று தூணோரம், ஒன்று கட்டிலுக்கு அடியில், ஒன்று அடுப்படி அலமாரியில். காலையில் தாளைத் தூக்கி வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள்.

செம்மண் நிறமாக இருந்தால் தெருவிலிருந்து வந்தது. நம் பக்கம் மண்ணே அப்படி. வெள்ளை மாவாக இருந்தால் சுவரிலிருந்து வந்தது; அதில் ஒரு சொட்டு எலுமிச்சைச் சாறோ வினிகரோ விடுங்கள். நுரைத்துப் பொங்கினால் சுண்ணாம்புக் காரை உதிர்கிறது. நுரைக்காமல், வேறு கொஞ்சத்தைத் தண்ணீரில் போட்டால் கரைந்துவிட்டது என்றால் உப்பு, அதாவது சுவரில் ஈரம். மரத் தூணுக்கோ சட்டத்துக்கோ கீழே மைதா மாவு போல வெளிர் மஞ்சளாகக் குவிந்திருந்தால் மரத்தை வண்டு அரிக்கிறது. அதே இடத்தில் கசகசா மாதிரி தனித்தனி மணியாக உருண்டால் காய்ந்த மரத்துக் கரையான். பர்மாத் தேக்கின் வைரத்தை, அதாவது கெட்டியான உள்மரத்தை, இவை சீக்கிரம் தொடாது. வெளிர் நிற ஓரப் பலகையிலும், பிறகு யாராவது மாற்றிப் போட்ட மலிவு மரச் சட்டத்திலும்தான் முதலில் விழும். கட்டிலுக்கு அடியில் சாம்பல் நிறப் பஞ்சாகச் சுருண்டிருப்பது துணி நூலும் நம் உடம்பிலிருந்து உதிர்ந்த தோலும். அலமாரியில் காப்பித்தூள் சிந்தினது போலக் கருப்புப் பொடி என்றால் கரப்பான் எச்சம்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. கண்ணுக்குப் பளிச்சென்று தெரியும் செம்மண்ணும் சுண்ணாம்பும் யார் மூக்கில் போனாலும் உறுத்தும், ஆனால் அவற்றால் ஒவ்வாமை வருவது அபூர்வம். ஒவ்வாமையைக் கிளப்புவது உயிருள்ளவற்றின் புரதம்: தூசி உண்ணி என்கிற கண்ணுக்குத் தெரியாத சிற்றுயிரின் கழிவு, கரப்பானின் எச்சம், பூஞ்சையின் வித்து, பறவை எச்சம், பூனையின் எச்சில், மகரந்தம். அதனால் பளபளவென்று துடைத்த வீட்டிலும் தும்மல் வரும்; அழுக்காகத் தெரிகிற திண்ணையில் படுத்தவர் நிம்மதியாகத் தூங்குவார்.

தொல்லை 1: வீட்டைத் திறந்த ஒரு மணி நேரத்தில் எல்லாருக்கும் தும்மல், கண் எரிச்சல்

இது பெரும்பாலும் ஒவ்வாமை இல்லை, அவசரம். எட்டு மாதம் படிந்ததை எட்டு நிமிஷத்தில் கிளப்புவது.

திறக்கிற அன்று வீட்டுக்கு இரண்டே பேர் போங்கள். மூச்சுத் தொல்லை உள்ளவர் அந்த இருவரில் இருக்கக் கூடாது. என்-95 முகக்கவசம் கட்டாயம். துண்டை மடித்துக் கட்டிக்கொள்வது நம் ஊர் வழக்கம்தான், ஆனால் துண்டில் பெரிய துகள் நிற்கும், சின்னது நூலிடுக்கில் புகுந்து உள்ளே போய்விடும். நுரையீரல் வரை போவது அந்தச் சின்னதுதான்.

முகப்புக் கதவையும் பின்கட்டுக் கதவையும் முழுக்கத் திறந்துவிட்டு வெளியே வந்து உட்காருங்கள். வாசலிலிருந்து கொல்லை வரை கதவுகள் ஒரே நேர்கோட்டில் இருப்பது இதற்குத்தான் உதவும். காற்று உள்ளே புகுந்து முற்றம் வழியாக மேலே போய்விடும். ஒரு மணி நேரம். ஃபேனைப் போடவே போடாதீர்கள். இறக்கையின் மேல் ஒரு விரற்கடைக்குத் தூசி இருக்கும், சுவிட்சைத் தட்டினால் பட்டாலை என்கிற கூடம் முழுக்க மழை மாதிரி இறங்கும். பழைய தலையணை உறையை இறக்கையில் சொருகி, இறுக்கிப் பிடித்து இழுத்தால் அத்தனையும் உறைக்குள்ளே வந்துவிடும். பிறகு வெளியே கொண்டுபோய் உதறாமல் அப்படியே தண்ணீரில் முக்குங்கள்.

அடுத்து மேலிருந்து கீழே. ஒட்டடைக் கம்பின் நுனியில் ஈரத்துணி சுற்றிக்கொண்டால் ஒட்டடை துணியோடு ஒட்டி வரும். காய்ந்த கம்பால் தட்டினால் தலையில் விழும். நம் வீடுகளில் யாரும் பார்க்காத இடம் ஒன்று உண்டு, வரிசையாக மாட்டியிருக்கும் படங்களின் முதுகு. முன்னோர் படம், சாமி படம் எல்லாவற்றையும் நாம் முன்பக்கம் சாய்த்து மாட்டுவோம். படத்துக்கும் சுவருக்கும் நடுவில் முக்கோணமாக ஒரு பொந்து. போன வருஷம் ஒரு படத்தைக் கழற்றியபோது அதில் பல்லி முட்டை ஓடு, குளவிக் கூட்டு மண், சிலந்தி வலை, ஒரு காய்ந்த மாவிலை, எல்லாம் கைப்பிடியளவு இருந்தது. அதற்கு நேர் கீழேதான் ஒரு பங்காளியின் கட்டில். மூன்று வருஷமாக “இந்த அறை எனக்கு ஆகாது” என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

தரை கடைசி. ஆத்தங்குடிக் கல்லில் ஆசிட், பிளீச்சிங் பவுடர் வேண்டாம், நிறம் வெளுத்துவிடும். வெறும் தண்ணீர், அடிக்கடி அலசிய துணி. மினுமினுப்புக்குத் தேங்காயெண்ணெய் தடவுவார்கள். நல்லதுதான், ஆனால் துளி எண்ணெயை ஒரு துணியில் தொட்டுத் தேய்த்து, மறுபடி காய்ந்த துணியால் எடுத்துவிட வேண்டும். கூடினால் பிசுக்கில் தூசி ஒட்டிக் கறுத்துவிடும். முட்டை வெண்கரு சேர்த்து இழைத்த பழைய சுவருக்கு மென்மையான துணி போதும், சோப்பு கூடாது.

எல்லாம் முடிந்த மறுநாள்தான் மற்றவர்கள் வர வேண்டும். கிளம்பின நுண்தூசி இறங்க ஒரு ராத்திரி கொடுங்கள், காலையில் இன்னொரு தடவை ஈரத்துணி. கல்யாணத்துக்கு முதல்நாள் வீட்டைத் திறக்கிறவர்களுக்கு இதைச் சொன்னால் கோபம் வரும். சொல்லத்தான் வேண்டியிருக்கிறது.

தொல்லை 2: தினமும் கூட்டும்போது மட்டும் தும்மல்

பூந்துடைப்பத்தைக் காய்ந்த தரையில் வீசிக் கூட்டாதீர்கள். லேசாகத் தண்ணீர் தெளித்துக் கூட்டுங்கள், அல்லது நேராக ஈர மாப். தும்முகிறவர் கூட்டக் கூடாது. அந்த நேரம் முகப்பில் பேப்பர் படிக்கட்டும். வேலைக்கு வரும் அக்காவுக்கும் முகக்கவசம் வாங்கிக் கொடுங்கள், அவருக்கும் மூக்கு இருக்கிறது.

தொல்லை 3: காலையில் எழுந்ததும் தும்மல், மூக்கடைப்பு; பகலில் சரியாகிவிடும்

இதைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன். காரணம் பெரும்பாலும் தூசி உண்ணி. கால் மில்லிமீட்டர் நீளம், கண்ணுக்குத் தெரியாது, கடிக்காது, ரத்தம் குடிக்காது. நம் தோலிலிருந்து உதிர்வதைத் தின்று, காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிப் பிழைக்கிறது. அதன் கழிவுதான் மூக்கைக் கிளப்புகிறது. அதற்கு மெத்தையை விட நல்ல வீடு கிடையாது: சூடு, வியர்வை ஈரம், சாப்பாடு மூன்றும் ஒரே இடத்தில்.

சோதனை சுலபம். அந்த ஆளை ஐந்து ராத்திரி மெத்தை, தலையணையை விட்டுப் புதுப் பாயில், வெந்நீரில் துவைத்த விரிப்பில், வேறு அறையில் படுக்கச் சொல்லுங்கள். கணிசமாகக் குறைந்தால் மெத்தைதான்.

எங்கள் வீட்டில் மாட்டியது, கல்யாணச் சீரில் வந்த இலவம்பஞ்சு மெத்தை ஒன்று. நாற்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. அதைத் தூக்கிப் போட மனசு வராது என்பது எனக்கும் தெரியும். அப்பத்தா காலத்தில் யாரும் அதில் தினமும் படுத்ததில்லை. மாப்பிள்ளை வந்தால் விரிப்பார்கள், போனதும் சுருட்டிப் பரணில். வீட்டு ஆட்கள் படுத்தது பாயிலும் முற்றத்தோரத்து வெறும் பத்தியிலும். வழவழத் தரை, வழவழச் சுவர், பாய், மரப்பெட்டி என்றிருந்த வீட்டில் உண்ணிக்கு ஒண்ட இடம் குறைவு. சோபா, கனத்த திரைச்சீலை, தரைவிரிப்பு, ஏசி போட்ட மூடின அறை என்று நாம்தான் குடியமர்த்தினோம்.

செய்ய வேண்டியது இவ்வளவு. தலையணை உறை, விரிப்பு, போர்வையை வாரம் ஒருமுறை 60 டிகிரி வெந்நீரில் ஊறவைத்துத் துவைப்பது. வாஷிங் மெஷினில் சூடாக்கும் வசதி இல்லாவிட்டால், கொதிக்கிற தண்ணீர் ஒரு வாளிக்குக் குழாய்த் தண்ணீர் ஒரு வாளி கலந்தால் ஏறக்குறைய அந்தச் சூடு வந்துவிடும். துணியை முக்கி, மூடி, கால் மணி நேரம் வைத்து அப்புறம் அலசலாம். சாயம் போகிற கண்டாங்கிச் சேலைப் போர்வையை இதில் போட்டுவிடாதீர்கள்! அதையும் பிள்ளைகளின் பஞ்சு பொம்மையையும் பிளாஸ்டிக் பையில் கட்டி ஃப்ரீஸரில் இரண்டு நாள் வைத்தால் உண்ணி செத்துவிடும். பிறகு சாதாரணத் தண்ணீரில் அலச வேண்டும், ஏனென்றால் உண்ணி செத்தாலும் கழிவு அங்கேயேதான் இருக்கும்.

மெத்தைக்கு வெயில். மொட்டை மாடியில், பத்து மணியிலிருந்து மூன்று மணிவரை, இடையில் ஒருமுறை புரட்டிப் போட்டு. சித்திரை வெயிலில் உண்ணி காய்ந்து சாகும். மாடியிலேயே தட்டி, துடைத்து, பிறகு கீழே கொண்டுவாருங்கள். ஜிப் வைத்து முழுக்க மூடுகிற நெருக்கமான நெசவு உறை கிடைக்கிறது, மெத்தைக்கும் தலையணைக்கும் அதைப் போட்டால் பாதி வேலை முடிந்தது. மற்றதெல்லாம் செய்ய முடியாதவர்கள் தலையணையை மட்டுமாவது மாற்றுங்கள். மூக்கு ராத்திரி முழுக்க அதன் மேல்தான் இருக்கிறது.

ஒரு சின்ன விஷயம்: உண்ணிக் கழிவு கனமான துகள். படுக்கையை உதறினால் கிளம்பி, அரைமணி நேரத்துக்குள் பெரும்பாலும் இறங்கிவிடும். அந்த அரைமணி நேரம் ஒவ்வாமை உள்ளவர் அறையில் இருக்கக் கூடாது.

தொல்லை 4: பெட்டகத்தையோ பழைய பீரோவையோ திறந்தால் மூக்கில் ஏறும் நெடி

நெடி ஈரம் படிந்த துணியில் வளரும் பூஞ்சையினுடையது. ஜமுக்காளம், பட்டு, கணக்குப் பேரேடு எல்லாம் ஒன்றாக அடைந்து கிடந்தால் நிச்சயம். வெளியே எடுத்து, நிழலில் காற்றாட விரித்து, ஈரமில்லாத மென் தூரிகையால் வெளிவாசலில் தட்டுங்கள், முகக்கவசத்தோடு. பட்டை வெயிலில் போட்டால் சாயம் வெளுக்கும். பெட்டியின் உட்பலகையைத் துடைத்து முழுக்கக் காயவைத்த பிறகே திரும்ப அடுக்க வேண்டும்.

அந்துருண்டை பற்றி ஒரு வார்த்தை. அள்ளிக் கொட்டுகிற வழக்கத்தை விடுங்கள். அதன் ஆவியே தலைவலி, மூக்கெரிச்சல் தரும். ஜி-6-பி-டி என்ற நொதி குறைவாகப் பிறக்கும் குழந்தைகளுக்கு அந்துருண்டை வாசம் ஏறின துணியால் ரத்தச் சிவப்பணுவே உடையலாம். பிறந்த பிள்ளையைப் பழைய சேலையில் சுற்றுவது நம் வழக்கம். அந்தச் சேலை அந்துருண்டைப் பெட்டியிலிருந்து வந்ததாக இருக்கக் கூடாது. வேப்பிலை, வசம்பு வைப்பவர்கள் வைக்கலாம், வருஷா வருஷம் மாற்றினால். மாற்றாவிட்டால் வேப்பிலை நொறுங்கி அதுவே தூசி.

தொல்லை 5: ஐப்பசி முதல் மார்கழி வரை மட்டும் மூக்கடைப்பு, இளைப்பு, சுவரில் கரும்புள்ளி

இங்கே நான் காசு கொடுத்து வாங்கின பாடம் ஒன்று இருக்கிறது. இரண்டாங்கட்டில் ஒரு சுவர், இடுப்புயரத்துக்குக் காரை பொரிந்து உதிர்ந்துகொண்டே இருந்தது. வேலைக்கு வந்தவர் “சிமெண்டு பூசிட்டா ஆயுசுக்கும் கவலையில்ல அண்ணே” என்றார். பூசினோம், மேலே பளபளக்கும் பிளாஸ்டிக் பெயிண்ட். அந்த வருஷ மழைக்குப் பிறகு சிமெண்டு அப்படியே நின்றது. அதற்கு ஒரு முழம் மேலே, நன்றாக இருந்த காரை உப்புப் பூத்து உதிர ஆரம்பித்தது. பெயிண்டுக்குப் பின்னால் கொப்புளம். விரலால் அழுத்தினால் பொசுக்கென்று உடைந்து உள்ளே ஈரமும் கரும்பூஞ்சையும்.

காரணம் இதுதான். பழைய சுவர் செங்கல்லும் சுண்ணாம்பும். மண்ணிலிருந்து ஏறும் ஈரம் சுண்ணாம்புப் பூச்சு வழியாக ஆவியாகிப் போய்விடும். சிமெண்டு அந்த வழியை அடைத்துவிடுகிறது. ஈரம் வேறு என்ன செய்யும், இன்னும் மேலே ஏறி, அடைபடாத இடத்தில் வெளியே வருகிறது. கடைசியில் சிமெண்டைக் கொத்தி எடுத்துவிட்டுச் சுண்ணாம்பே பூசினோம். இரட்டைச் செலவு.

எனவே, புள்ளியைத் துடைப்பதற்கு முன்னால் ஈரம் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். மேலிருந்து என்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது கூடல்வாய். முற்றத்தைச் சுற்றி நாலு கூரையும் சேரும் மூலைகளில் இலைச்சருகு அடைத்துக்கொண்டால் தண்ணீர் தகரத்தைத் தாண்டி ஓட்டுக்கு அடியில் போகும். ஆவணி, புரட்டாசியில் ஆள் ஏறிச் சருகை அள்ளி, உடைந்த நாட்டு ஓட்டை மாற்றிவிட்டால் பாதிப் பூஞ்சை அந்த வருஷம் வராது. கீழிருந்து என்றால் சுவரோரம் மண்ணைக் குவித்திருக்கிறார்களா, பூந்தொட்டித் தண்ணீர் சுவரில் படுகிறதா, முற்றத்து வடிகால் அடைத்திருக்கிறதா என்று பாருங்கள்.

அப்புறம் துடைப்பது. முகக்கவசம், கையுறை, சோப்புத் தண்ணீர், தேய்த்து எடுத்து, நன்றாகக் காயவிட்டு, சுண்ணாம்பு அடியுங்கள். சுண்ணாம்பின் காரத்தில் பூஞ்சை எளிதில் வளராது. பொங்கலுக்கு வெள்ளையடித்ததில் இந்த நன்மையும் இருந்தது. பிளீச்சிங் பவுடரையும் ஆசிட்டையும் எந்தக் காரணத்துக்காகவும் சேர்க்காதீர்கள், குளோரின் வாயு கிளம்பும், மூடின அறையில் உயிருக்கே ஆபத்து. நனைந்த பாய், மெத்தை, அட்டைப்பெட்டியை ஒன்றிரண்டு நாளுக்குள் காயவைக்க முடியாவிட்டால் எறிந்துவிடுவது நல்லது.

ஈரப்பதம் காட்டும் சின்ன மீட்டர் ஒன்று வாங்கி அறையில் வையுங்கள். 60 சதவீதத்துக்கு மேல் நாள்கணக்கில் நின்றால் பூஞ்சைக்குக் கொண்டாட்டம். 50-க்குக் கீழே உண்ணியும் திண்டாடும். நம் ஊர்க் கோடையில் தானாகவே குறையும் நாட்கள் உண்டு. மழைக்காலத்தில் வெயில் அடிக்கிற நேரம் பார்த்து ஜன்னலைத் திறப்பது, ஈரத்துணியை அறைக்குள் காயப்போடாமல் இருப்பது, இவ்வளவுதான் நம் கையில்.

தொல்லை 6: அடுப்படிக்குப் பக்கத்து அறையில் படுப்பவருக்கு ராத்திரி இருமல்

கரப்பான் என்று யாரும் நினைப்பதில்லை. அதன் எச்சம், எச்சில், உதிர்ந்த ஓடு எல்லாம் பொடியாகிக் காற்றில் கலக்கும். குழந்தைகளின் ஆஸ்துமாவுக்கு இது பெரிய காரணங்களில் ஒன்று. ஸ்ப்ரே அடித்தால் கரப்பான் சாவதற்கு முன்னால் இருமுகிறவருக்கு இளைப்பு வந்துவிடும். ஜெல் மருந்தைப் பொட்டுப் பொட்டாகச் சந்தில் வையுங்கள், பிள்ளைகள் கைக்கு எட்டாமல். ராத்திரி படுக்கும்முன் தொட்டியைத் துடைத்து, கழுவாத பாத்திரம் இல்லாமல், குப்பைக் கூடையை வெளியே வைத்துவிடுங்கள். தண்ணீர் கிடைக்காத அடுப்படியில் அது தங்காது. கடைசிக் கரப்பான் செத்த பிறகும் எச்சம் மாதக்கணக்கில் இருக்கும் என்பதால் அலமாரி முழுக்கச் சோப்புத் தண்ணீரில் கழுவ வேண்டும். இந்தக் கடைசி வேலையைத்தான் எல்லாரும் விட்டுவிடுகிறார்கள்.

பலகாரம் சுடுகிற நாளில் வத்தல் வறுக்கும் நெடிக்கு இருமினால் அதைக் கணக்கில் சேர்க்காதீர்கள். அதற்கு இருமாதவர் யார்?

தொல்லை 7: முற்றத்தில் புறா, பரணில் வௌவால்

பூட்டின வீட்டில் புறா கூடு கட்டாமல் இருந்தால்தான் அதிசயம். இங்கே தும்மலை விட மோசமான ஒன்று உண்டு. எச்சத்தைச் சுரண்டிய அன்று சாயங்காலம், நாலைந்து மணி நேரம் கழித்து, காய்ச்சல், வறட்டு இருமல், மூச்சு வாங்கல் வந்தால் சளி என்று நினைத்துப் படுத்துவிடாதீர்கள். பறவைப் புரதத்துக்கு நுரையீரல் வீங்குகிற நோய் அது. திரும்பத் திரும்ப ஆனால் நுரையீரல் தழும்பாகிவிடும். டாக்டரிடம் “புறா எச்சம் சுரண்டினேன்” என்று நீங்களாகச் சொல்லுங்கள், அவர் கேட்காமலும் போகலாம்.

எச்சத்தைக் காய்ந்தபடி ஒருபோதும் கூட்டக் கூடாது. சோப்புத் தண்ணீர் ஊற்றி ஊறவிட்டு, தகட்டால் வழித்து, பையில் கட்டி எறியுங்கள். என்-95, கையுறை, வேலை முடிந்ததும் தலைக்குக் குளியல். முற்றத்தின் மேல் கம்பி இருந்தாலும் அதன் இடைவெளியில் புறா சாதாரணமாக நுழையும், நைலான் வலை கட்ட வேண்டும். வௌவாலுக்கு, அந்தி சாய்ந்து அவை வெளியே போன பிறகு பொந்தை அடையுங்கள்; குட்டியிருக்கும் காலத்தில் அடைத்தால் உள்ளேயே செத்து நாறும்.

தொல்லை 8: செவ்வாய், வெள்ளி சாயங்காலம் மட்டும்

சாம்பிராணி. மற்ற நாளிலும் ராத்திரி என்றால் கொசுவர்த்தி. ஒவ்வாமை அல்ல, புகை உறுத்துகிறது, ஆஸ்துமா உள்ளவருக்கு அது போதும். சாமி வீட்டில் விளக்கோடு நிறுத்திக்கொள்ளலாம், அல்லது தூபத்தை முற்றத்தில் காட்டலாம். கொசுவுக்கு வலை. அப்பத்தா இதற்கு ஒப்புக்கொள்ள எங்களுக்கு இரண்டு வருஷம் ஆயிற்று.

தொல்லை 9: வெளியே போனால்தான் கண் அரிப்பும் தும்மலும்

ஊரைச் சுற்றிச் சீமைக்கருவேலம். அதன் மகரந்தம் ஒவ்வாமை தருவது நன்றாகத் தெரிந்த விஷயம், பார்த்தீனியமும் அப்படியே. பூக்கிற நாட்களில் தோட்டத்துப் பக்க ஜன்னலைச் சாத்தி வையுங்கள், துணியை உள் முற்றத்தில் காயப்போடுங்கள், வெளியிலிருந்து வந்ததும் முகம் கழுவி உடை மாற்றுங்கள். மாடியில் காய்ந்த மெத்தையைத் துடைக்காமல் கொண்டுவந்தால் உண்ணியை வெளியே அனுப்பி மகரந்தத்தை உள்ளே அழைத்த கதையாகும்.

காற்றைச் சுத்தம் செய்யும் மெஷின் வாங்கலாமா?

வெளிநாட்டிலிருந்து வருகிற ஒவ்வொருத்தரும் கேட்பது. அதிலுள்ள ஹெப்பா ஃபில்டர் என்ற நுண்தூசி வடிகட்டி 0.3 மைக்ரான் துகளில் 99.97 சதவீதத்தைப் பிடிக்கும், அதில் சந்தேகமில்லை. ஆனால் வானம் பார்த்த முற்றமுள்ள வீட்டில் அதை வளவில் வைப்பது ஊருணியை டம்ளரால் இறைப்பது. கதவு ஜன்னல் சாத்திய படுக்கையறையில் வைத்தால் புகை, மகரந்தம், பூனைத் தூசிக்கு உதவும். உண்ணிக்கு அவ்வளவாக இல்லை, அது பறப்பதைவிட மெத்தையில் கிடப்பதுதான் அதிகம். அதே காசுக்கு மெத்தை உறை நாலு வாங்கலாம். ஏசி இருந்தால் அதன் ஃபில்டரை இரண்டு வாரத்துக்கொருமுறை கழுவுங்கள். வேக்குவம் கிளீனரில் ஹெப்பா இல்லாவிட்டால் முன்னால் இழுத்ததில் நுண்தூசியைப் பின்னால் ஊதிவிடும்.

எப்போது டாக்டர்?

மூக்கிலிருந்து தெளிவான நீர், அரிப்பு, காய்ச்சல் இல்லை என்றால் ஒவ்வாமைக்கான அடையாளம். மேலே சொன்னதை ஒரு மாதம் செய்தும் குறையாவிட்டால் போங்கள். நெஞ்சில் விசில் சத்தம், ராத்திரி மூச்சுத் திணறி விழிப்பு என்றால் மாதக்கணக்கெல்லாம் பார்க்காமல் அந்த வாரமே. தோலில் குத்திப் பார்க்கும் சோதனையில் எது ஆகாது என்று தெரியும்; அதற்குச் சில நாள் முன்பே ஒவ்வாமை மாத்திரையை நிறுத்த வேண்டியிருக்கும், எத்தனை நாள் என்று கேட்டுக்கொள்ளுங்கள். மூக்கில் அடிக்கும் ஸ்டீராய்டு ஸ்ப்ரே முழுப் பலன் தர ஒன்றிரண்டு வாரம் ஆகலாம், மூன்றாம் நாள் தூக்கி வைத்துவிடாதீர்கள். இன்ஹேலர் பழக்கமாகிவிடும் என்பது வெறும் பயம். ஒரு வாக்கியத்தை முழுதாகப் பேச முடியாமல் மூச்சு வாங்கினாலோ உதடு நீலம் பாரித்தாலோ யோசிக்காமல் 108.

பூட்டும் நாள்

அடுத்த வருஷத் தும்மல் பூட்டுகிற அன்றே முடிவாகிறது. மெத்தையை வெயிலில் காயவைத்து, உறை போட்டு, தரையில் கிடத்தாமல் கட்டிலில் நிறுத்தி வையுங்கள். ஈரத்துணி, அரிசி, பருப்பு, அட்டைப்பெட்டி எதுவும் உள்ளே இருக்கக் கூடாது. பெட்டகக் கதவை ஒரு விரலளவு திறந்து, இடையில் துணிச்சுருள் சொருகுங்கள். சோபா மேல் பழைய விரிப்பு, ஃபேன் இறக்கையில் தலையணை உறை. முற்றத்து வலையில் ஓட்டை இருக்கிறதா என்று வெளிச்சமிருக்கும்போதே அண்ணாந்து பாருங்கள். மாதம் ஒருமுறை வந்து காலை முதல் மதியம் வரை எல்லாக் கதவையும் திறந்து வைக்க ஊரில் ஒருவருக்குச் சம்பளம் பேசிக்கொள்ளுங்கள். பத்துப் பங்காளி பிரித்துக்கொண்டால் ஆளுக்கு ஒரு காப்பிச் செலவு. எங்கள் வீட்டுக்கு வருகிறவரிடம் சாவியோடு இரண்டு முகக்கவசமும் கொடுத்திருக்கிறேன். முதலில் சிரித்தார். இப்போது தீர்ந்துபோனால் அவரே போன் செய்கிறார்.